வெள்ளோட்டம்

"டீச்சர், பத்தாவது முடிச்சுட்டு பொள்ளாச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தா நம்ம மார்க்கை எடுத்துக்குவாங்களா?"

ஒரு பிப்ரவரி மாதம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு வராந்தாவில் நிறுத்தி இப்படிக் கேட்டாள் அந்தப் பெண். கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் மீடியத்துக்குக் கணக்கு எடுக்கிறேன், 22 வருஷமாக. இந்தக் கேள்வி எங்களுக்குப் புதிதில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. பத்தாவது வரை கேரளத்தில் தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு அந்தப் பக்கம் போகும் பிள்ளைகள் வருஷா வருஷம் உண்டு. நானும் பசியோடு நின்று பத்து நிமிடம் விளக்கினேன். டி.சி. எப்போது வாங்க வேண்டும், கிரேடை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள், சாதிச் சான்றிதழை எந்த மாநிலத்தில் வாங்குவது என்கிற தலைவலி, எல்லாம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டாள். நல்ல வேலை செய்த திருப்தியோடு நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

ஏப்ரலில்தான் தெரிந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் இருக்கும் மாமன் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவளுக்கு வயது 16. அன்று அவள் கேட்டது அட்மிஷனைப் பற்றியே இல்லை. "ஏன் கண்ணு, இங்க இருக்கிற பள்ளிக்கூடத்தை விட்டுட்டு எதுக்கு அங்க?" என்று ஒரே ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் வராந்தாவிலேயே சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தது அவள் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண். கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் பட்டன் போனிலிருந்து செய்திருக்கிறாள். அதிகாரிகள் வந்தார்கள், பெண்ணுக்கு 18 ஆகும் வரை கல்யாணம் செய்ய மாட்டோம் என்று இரண்டு வீட்டிலும் எழுதி வாங்கினார்கள். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் எங்கள் பள்ளிச் சுவரில் போஸ்டராகவே ஒட்டியிருந்தது. அதை ஒட்டியவளும் நான்தான்.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க இது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு எனக்குள் ஒரு வார்த்தை தங்கிவிட்டது: வெள்ளோட்டம். தேருக்குப் புதுச் சக்கரம் பூட்டினால், திருவிழாவுக்கு முன்னால் சாமி இல்லாமல் வெறும் தேரை ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள் இல்லையா? வளரும் பிள்ளைகளும் அப்படித்தான் பேசுகிறார்கள். சொல்ல வேண்டியதை வீட்டிலேயே வைத்துவிட்டு, முதலில் வெறும் தேரை அனுப்புகிறார்கள். பாதை தாங்குகிறதா, எங்கே முட்டுகிறது என்று பார்க்கத்தான். தேர் சேதமில்லாமல் நிலைக்குத் திரும்பினால்தான் சாமி ஏறும். நாமோ வெறும் தேரையே வழியில் மறித்துவிடுகிறோம். சிலர் திட்டி மறிப்பார்கள், சிலர் புத்தி சொல்லி மறிப்பார்கள். நான் தகவல் சொல்லி மறித்தேன்.

அதற்காக, தொலைந்த ஒவ்வொரு பேனாவுக்குப் பின்னாலும் ஒரு துயரம் இருக்கும் என்று தேடிக் கிளம்பிவிடாதீர்கள். பல சமயம் பேனா தொலைந்தது என்றால் பேனா தொலைந்ததுதான். அந்த ஆர்வக்கோளாறில் நானும் ஒரு வருஷம் பிள்ளைகளைத் துளைத்தெடுத்திருக்கிறேன். என்னைக் கண்டாலே ஓட ஆரம்பித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கற்றுக்கொண்டவள் வீட்டில் கோட்டை விட்டேன். என் மகனைப் பற்றிய இந்தப் பகுதியை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, ஆனா அந்த வார்த்தையை எடுத்துடாதே" என்றான்.

அவனும் பத்தாவது வரை தமிழ் மீடியம். கணக்கு டீச்சர் மகன், ஃபுல் ஏ பிளஸ் வாங்கினான், வீட்டில் லட்டு கொடுத்தோம். பிளஸ் ஒன் அலாட்மென்ட்டில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்று கிடைத்தது. ஜூலையில் ஆரம்பித்தது வயிற்று வலி. திங்கட்கிழமை காலையில் வரும், பதினோரு மணிக்கு மேல் போய்விடும். டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்தார். இன்னொரு டாக்டர், ஸ்கேன், எல்லாம் நார்மல். ராத்திரி ஒரு மணி வரை போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரியும். "போன்தான் காரணம், தூக்கம் கெட்டா வயிறு கெடாம என்ன பண்ணும்?" என்று போனைப் பிடுங்கி பீரோவில் வைத்தேன். அதோடு அவன் என்னிடம் பேசுவதையும் நிறுத்தினான்.

அவனைப் பேச வைத்தவர் அவன் அப்பா. பேச வைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பம்புக்குச் சாமான் வாங்க மீனாட்சிபுரம் வரை போகும்போது, "சும்மா வாடா" என்று பின்னால் உட்கார வைத்துக்கொண்டார். பாதி வழியில் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே அவன் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "அம்மாகிட்ட சொல்லு தங்கம்" என்று மூன்று மாதம் கேட்டும் வராத பேச்சு அது.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் எல்லாருக்கும் மலையாளம் பேச வரும். ஆனால் சந்தை மலையாளம் வேறு, ஃபிசிக்ஸ் மலையாளம் வேறு. இவன் படித்தது விசை, முடுக்கம், நிறை. புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. வகுப்பில் சார் விளக்குவது மலையாளத்தில்: விசை அங்கே பலம், முடுக்கம் த்வரணம், நிறை பிண்டம். சார் பிண்டம் என்றதும் இவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீடுகளில் பிண்டம் எப்போது வைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். சார் எழுப்பி நிறுத்தினார். ஏன் சிரித்தான் என்று விளக்க இவனுக்கு அந்த மலையாளம் போதவில்லை. பின் பெஞ்சிலிருந்து யாரோ "பாண்டி" என்றார்கள், தமிழரைக் கேலியாகக் கூப்பிடும் வார்த்தை. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அதுதான் பெயர். அவன் எடுக்க வேண்டாம் என்ற வார்த்தையும் அதுதான்.

அந்த வாரமே என்னிடம் ஒரு வெள்ளோட்டம் விட்டிருக்கிறான். "அம்மா, பிண்டம்னா மலையாளத்துல என்ன தெரியுமா?" என்று சமையலறைக்கு வந்து கேட்டான். ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. "அபசகுனமாப் பேசாதே, போய்ப் படி" என்றேன்.

இன்னொன்றும் அப்புறம்தான் புரிந்தது. நான் பிடுங்கி வைத்த போனில் இருந்தது அவனுடைய பத்தாம் வகுப்பு நண்பர்களின் வாட்ஸப் குழு. நாள் முழுக்கப் பாண்டியாக இருந்துவிட்டு வருகிறவனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்த ஒரே இடம் அதுதான். போனினால் வரும் கெடுதல் இல்லை என்று சொல்லவில்லை. பிடுங்குவதற்கு முன்னால், இவன் இதில் எங்கே போகிறான், அங்கே என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

தூக்கத்தைப் பற்றி இடையில் ஒன்று. இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் ஹார்மோனே சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் படுப்பான், தூக்கம் வராது. ஆனால் 13 முதல் 18 வயது வரை தேவைப்படும் தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். காலையில் ஏழரை மணிக்கு பஸ் என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். இப்போது எங்கள் வீட்டில் பத்து மணிக்கு மூன்று போனும் ஹாலில் சார்ஜுக்குப் போய்விடும். மூன்று என்றால் என்னுடையதும் சேர்த்து. அதைச் சேர்த்த பிறகுதான் இந்த ஏற்பாடே நிலைத்தது.

பள்ளியை மாற்றவில்லை. வகுப்பாசிரியரைப் பார்த்துப் பேசினோம். அவர் நல்ல மனிதர். வகுப்பில் கலைச்சொற்களை மூன்று மொழியிலும் போர்டில் எழுத ஆரம்பித்தார், அதை எழுதிப் போடும் வேலையை இவனிடமே கொடுத்தார். பட்டப்பெயர் உடனே போகவில்லை. டிசம்பர் வாக்கில் தேய்ந்தது. திங்கட்கிழமை வயிற்று வலி அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு நான் யாரையும் எதிரில் உட்கார வைத்து விசாரிப்பதில்லை. பள்ளியில் பிள்ளை ஏதோ சொல்ல வந்த மாதிரித் தெரிந்தால் கையில் ஒரு வேலை கொடுப்பேன். விடைத்தாளை நம்பர்வாரியாக அடுக்கு, சார்ட்டைச் சுருட்டு, இந்தச் சாக்பீஸ் டப்பாவைப் பிரித்து வை. கை ஓடும்போது வாய் வரும். வீட்டில் என்றால் மொச்சை உரிப்பது, துணி மடிப்பது.

இந்தக் கையோட்டத்தில்தான் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், என் பிரண்டு ஒருத்தன் வாயில அந்த ஐட்டம் வைக்கிறான்" என்றான். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ளும் சின்னப் புகையிலைப் பொட்டலம் அது. வாசனை தெரியாது, புகை வராது, வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். கேரளத்தில் குட்காவுக்கு 2012-லேயே தடை. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். ஆனால் இரண்டு மாநிலத்துக்கு நடுவில் இருக்கும் ஊரில் எந்தப் பக்கத்திலிருந்து எது வருகிறது என்று யார் கண்டது?

"என் பிரண்டு ஒருத்தன்" என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால், அந்த பிரண்டைக் கண்டுபிடிக்கப் புறப்படாதீர்கள். அவன் பெரும்பாலும் உங்கள் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பான். "யாரு அவன், பேரைச் சொல்லு" என்ற நொடியில் தேர் முட்டி நின்றுவிடும். நான் கேட்டது, "சரி, உன் பிரண்டுக்கு அதை விடணும்னு இருக்கா?" பேப்பர் அடுக்கிக்கொண்டே, "இருக்குங் டீச்சர். ஆனா விட்டா தலை வலிக்குதாம், சிடுசிடுன்னு வருதாம்" என்றான். அது நிக்கோடின் செய்யும் வேலை, அந்த எரிச்சல் முதல் ஒரு வாரம் மோசமாக இருக்கும், சில வாரங்களில் அடங்கிவிடும் என்று பிரண்டுக்குச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது நாள் வந்து, "டீச்சர், நான்தாங்க" என்றான். பள்ளி கவுன்சிலரிடம் அவனே வந்து உட்கார்ந்தான். ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார்கள். டி.சி. கொடுத்தால் புகையிலை போய்விடுமா, பையன்தான் போவான். நல்லவேளை, ஹெட்மாஸ்டர் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. பையன் இரண்டு முறை விட்டு, இரண்டு முறை திரும்ப ஆரம்பித்து, மூன்றாவதில் நிறுத்தினான்.

உடம்பு பற்றிய கேள்விகள் இன்னும் வளைந்து வளைந்து வரும். மார்ச் மாதம், பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் நேரம், ஒரு பையன் யூனிஃபார்முக்கு மேல் தடிமனான ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தான். கேட்டால் "குளுருதுங் டீச்சர்". என்னால் அதற்கு மேல் போக முடியவில்லை. போகவும் கூடாது என்று தோன்றியது. பி.டி. சாரிடம் சொன்னேன். அவர் வேப்ப மரத்தடியில் நின்று, வலை கட்டிக்கொண்டே, "எனக்கும் ஒன்பதாவதுல மாருல வீங்கியிருந்துச்சுடா. நான் ரெண்டு பனியன் போட்டுட்டுத் திரிஞ்சேன்" என்றாராம். பையன் மறுநாள் ஜாக்கெட் இல்லாமல் வந்தான். பருவ வயதில் பாதிக்குப் பாதி ஆண்பிள்ளைகளுக்கு இந்த மார்பு வீக்கம் வந்து, ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே வடிந்துவிடும். போகாமல் பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதை யார் அவர்களுக்குச் சொல்கிறார்கள்? பெண் வயதுக்கு வந்தால் திரட்டிச் சீர் வைத்து ஊரைக் கூட்டிச் சொல்கிறோம், சில வீட்டில் தேவைக்கு அதிகமாகவே. பையன் குரல் உடைந்து, மீசை முளைத்து, ராத்திரி துணி நனைந்து பயந்து எழுந்தால், அவனிடம் பேச ஒரு ஆள் கிடையாது.

பெண்பிள்ளைகளில் சோம்பேறி என்று நான் திட்டியவர்களில் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். பல வருஷம் அது ஜன்னலுக்கு வெளியேதான் போனது. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியவர்கள், மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டார்கள். சாப்பிட்ட பிறகு போடு, கறுப்பாகப் போனால் பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்ததும் ஜன்னலடி சுத்தமாயிற்று.

வண்டி விஷயத்தில் மட்டும் எனக்கு வெள்ளோட்டமெல்லாம் கிடையாது. 16 வயதுப் பையனுக்கு பைக் கொடுக்கும் அப்பாக்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன்: 2019 திருத்தத்துக்குப் பிறகு மாட்டினால் உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில், வண்டியின் ஆர்.சி. ஒரு வருஷத்துக்கு ரத்து. "நம்ம ஊர் ரோடுதானுங்க டீச்சர்" என்பார்கள். நம் ஊர் ரோட்டில்தான் தண்ணீர் லாரியும் தேங்காய் லாரியும் ஓடுகிறது.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கனமானது. ரிசல்ட் வந்த ஒரு மே மாதம், கணக்கில் பாஸாவதற்கு வேண்டிய டி பிளஸ் கிடைக்காமல் நின்றுபோன பையன் பள்ளிக்கு வந்திருந்தான். அழவில்லை. பேச்சுவாக்கில், "என் கிரிக்கெட் பேட்டைத் தம்பிக்கே குடுத்துட்டனுங்க டீச்சர், நோட்டெல்லாம் கூட" என்றான். அந்த பேட்டை அவன் யாருக்கும் தொடக் கொடுத்ததில்லை. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று முன்பெல்லாம் பயந்திருக்கிறேன். அப்படி ஆகாது, கேட்பது பாரத்தை இறக்கத்தான் செய்யும் என்று ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

அவனைத் தனியாக விடவில்லை. அப்பா வந்தார். திட்ட ஆரம்பித்தவரை வெளியே அழைத்துப் போய், தோட்டத்துச் சாளையில் பூச்சி மருந்து எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டேன். சன்னலோரம் என்றார். அன்றே அதை அவருடைய தம்பி வீட்டுக்கு மாற்றிப் பூட்டச் சொன்னேன். விவசாயம் செய்கிற வீடுகளில் இது ஒன்றே எத்தனையோ உயிரைக் காப்பாற்றும், அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்து வேகம். அங்கிருந்தே 14416-க்குப் பேசினோம். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள். கேரளத்துக்கு திஷா என்கிற உதவி எண் 1056-ம் இருக்கிறது. மறுநாள் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். ஒரு வருஷத்தை வீணாக்காமல் அப்போதே மறுபடி எழுத 'சே' தேர்வு இருக்கிறது. அதைப் பற்றி நான் அவனிடம் அன்றைக்குப் பேசவில்லை, ஒரு வாரம் கழித்துத்தான் பேசினேன். முதல் தப்பிலேயே அதைக் கற்றிருந்தேன், தகவலை எப்போது சொல்வது என்று.

முன்பு நான் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வாக்குறுதியையும் நிறுத்திவிட்டேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு." இதை நம்பித்தான் ஒரு பெண், சொந்தக்காரர் ஒருவர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். தெரிவித்தேன். அது சரிதான், ஆனால் என் வாக்கு பொய்யாகிவிட்டது. அவள் என்னை மன்னிக்க ஒரு வருஷம் ஆனது. இப்போது சொல்வது இப்படி: "உனக்குத் தெரியாம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டி வந்தா, உன்கிட்ட சொல்லிட்டு, உன்கூட நின்னு சொல்வேன்." இதைக் கேட்டு இரண்டு பிள்ளைகள் பேசாமல் எழுந்து போயிருக்கிறார்கள். ஒருத்தி அடுத்த வாரம் திரும்பி வந்தாள். இன்னொருத்தி வரவில்லை. அவளை நான் இன்னும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், காம்பஸைக் காணோம் என்று மூன்று நாளாக என்னிடம் வருகிறான். திங்கட்கிழமை என் காம்பஸைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமையும் வந்தான். இன்றைக்கு வந்தபோது டெஸ்ட் பேப்பரை அடுக்கக் கொடுத்தேன். நாற்பது பேப்பரையும் மெதுவாக, ரொம்ப மெதுவாக அடுக்கினான், மணி அடித்ததும் "நாளைக்கும் வரட்டுங்களா டீச்சர்?" என்றான். வா என்றேன். அவன் பையை எடுக்கும்போது ஜாமென்ட்ரி பாக்ஸ் திறந்துகொண்டது. காம்பஸ் உள்ளேதான் இருந்தது. நான் பார்க்காத மாதிரி போர்டைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன்.